வலது காதும் பகல் சொட்டும்

1

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. கடலூர் முதுநகரில் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவன் பக்கம் பக்கமாக எழுதி உங்களைப் படிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதினால் அதில் பாலைவனம், உயரமான கட்டடம் என்று ஏதாவது இருக்கும். என்னிடம் சொல்வதற்கு ஒரு காதுதான் இருக்கிறது. வலது காது. அரிக்கிற காது.

இந்த நோன்பு மாதத்தோடு நான் தோஹாவுக்குப் போய் இருபது வருஷம் முடிகிறது. லீவில் வந்திருக்கிறேன். முதல் வாரம் ஒரு நாள், நோன்பு திறந்துவிட்டு வீட்டில் எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். என் மனைவி ஜொஹராதான் பேச்சை எடுத்தாள். "இருவது வருசம் ஓடிப்போச்சு பாருங்க" என்றாள்.

"இருவது வருசத்துல மச்சான் என்னா சம்பாரிச்சாரு?" என்று அவள் தம்பி கமால் கேட்டான். பதிலையும் அவனே சொன்னான். "காதுல காளான் போட்டிருக்காரு. நல்லா வெளஞ்சிடுச்சுன்னா சொல்லுங்க மச்சான், கறிக்குப் பதிலா கஞ்சில போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிதான் காதில் விழுந்தது. மீதியை ஜொஹராவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

யாருக்கும் புத்தி சொல்ல இதை எழுதவில்லை. எனக்கே குழப்பம் தீரவில்லை. என்னைப் போல வேறு யாருக்காவது இருந்தால் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

2

தோஹாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. அங்கே பக்காலா என்பார்கள். முதலாளி கோழிக்கோட்டுக்காரர். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். யாரும் கீழே இறங்கி வரமாட்டார்கள், எல்லாம் போனில்தான். ஒரு பால், நாலு ரொட்டி, ஒரு கட்டு கொத்தமல்லி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அந்த போனை எடுக்கிறவன் நான். வலது காதில் போன், இடது கையால் சாமானை எடுத்து வைப்பேன், காலால் பிரிட்ஜ் கதவைச் சாத்துவேன். பிலிப்பைன்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். எகிப்துக்காரர்கள் சண்டை போடுவது மாதிரி பேசுவார்கள், ஆனால் கோபமெல்லாம் இல்லை. அரபி, இந்தி, மலையாளம் எல்லாம் எனக்குச் சாமான் பேர் அளவுக்குத் தெரியும். நேருக்கு நேர் பேசக் கூச்சப்படுகிற நான் போனில் நன்றாகப் பேசுவேன். முகம் தெரியாதல்லவா.

உள்ளே ஏசிக் குளிர். சாமான் கொடுக்க வெளியே வந்தால் சட்டை பிழிகிற மாதிரி புழுக்கம். போனும் காதும் எப்போதும் வேர்த்தே இருக்கும். போய் நாலைந்து வருஷத்தில் அரிப்பு ஆரம்பித்தது. பேனா மூடி, தீக்குச்சி, சைக்கிள் சாவி, கையில் எது இருக்கிறதோ அதை விட்டுக் குடைவேன். அரிப்பவனுக்குத்தான் தெரியும் அந்தச் சுகம். பிறகு அடைப்பு வரும். பிறகு ஒரு மாதிரி ஈர நாற்றம்.

அங்கே டாக்டரைப் பார்ப்பது லேசில் நடக்காது. ஹெல்த் கார்டு புதுப்பித்திருக்க வேண்டும், டோக்கன் எடுக்க வேண்டும், முதலாளி விட வேண்டும். முதல் தடவை ஒரு டாக்டர் சீழ் என்று நினைத்துச் சொட்டு மருந்து கொடுத்தார். அதை விட விட அரிப்பு கூடியது. இன்னொரு டாக்டர் பார்த்துவிட்டு, இது பூஞ்சை, அந்த மருந்து இதற்குத் தீனி போட்டிருக்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே வரச்சொல்லி செய்தி வந்தபோது நான் கடலூரில் லீவில் இருந்தேன். திரும்பிப் போனதும் மறுபடி முதலிலிருந்து டோக்கன்.

எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே சில சமயம் நாக்குக்குத் தெரிவதில்லை. போன வருஷம் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தபோது "கலாஸ், கலாஸ்" என்றேன். முடிந்தது, போதும் என்று அர்த்தம். "இன்னாண்ற?" என்று அவர் கேட்டார். பக்கத்தில் இருந்த என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

3

மகள் பெயர் ரிஸ்வானா. அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் பிறந்தபோதே நான் தோஹாவில்தான் இருந்தேன். அவளுக்கு நான் ஒரு குரல். போனில் எல்லாம் பேசுவாள். லீவில் வந்து எதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. என்னுடைய கூச்சம் அவளுக்கும் வந்துவிட்டது என்று ஜொஹரா சொல்வாள்.

சிதம்பரத்தில் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவரை ரிஸ்வானாதான் விசாரித்து வைத்தாள். கீழ வீதியை ஒட்டிய சந்தில் சின்ன கிளினிக். அம்பது வயது இருக்கும் ஒரு பெண் டாக்டர், சுறுசுறுப்பான ஆள். வருஷா வருஷம் லீவில் வந்ததும் எங்கள் முதுநகரில், ஓ.டி. என்போம், பஸ் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக அங்கே போய்விடுவேன். குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். காதுக்குள் புயல் அடிக்கிற மாதிரி இருக்கும். எடுத்ததை ஒரு தடவை காட்டினார்கள். நாளான ரொட்டியில் படர்கிறதே, வெள்ளைப் பஞ்சும் நடுவில் கறுப்புப் புள்ளியும், அதேதான். கடையில் அந்த மாதிரி ரொட்டியை எத்தனை தடவை தூக்கிப் போட்டிருக்கிறேன்.

எடுத்த நிமிஷத்தில் உலகம் திறந்துகொள்ளும். மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கும்.

"மூணு வேள, வேளைக்கு மூணு சொட்டு, மூணு வாரம். ஒரு வேளகூட தவறக்கூடாது. தண்ணி படக்கூடாது" என்பார் டாக்டர்.

நான் தலையாட்டுவேன். அடுத்த வருஷம் அதே பூஞ்சையோடு போய் உட்காருவேன்.

"அங்க போயி காத என்னாதான் பண்றீங்க? அந்த ஊரு புழுக்கந்தான் இதுக்குக் காரணம்" என்பார்.

தோஹாவில் போய்க் காட்டினால் அந்த டாக்டர், "ஊருக்குப் போய் வந்தாயா? குளம், ஆறு எதிலாவது குளித்தாயா? அதுதான்" என்பார்.

இரண்டு பேருக்கும் நான் தலையாட்டினேன். இரண்டு பேரும் படித்தவர்கள். எந்த ஊர் என் காதைக் கெடுக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

4

இரண்டு டாக்டர்களுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் எழுதித் தருகிற மூன்று வேளை மருந்தை நான் மூன்று வேளை விட்டதே இல்லை.

என் லீவு எப்போதும் நோன்பு மாதத்தில்தான். நோன்பும் பெருநாளும் வீட்டில் என்று முதலாளியிடம் ஆரம்பத்திலேயே பேசி வாங்கியது. நோன்பு வைத்திருக்கும்போது காதுக்குள் மருந்து விட்டால் நோன்பு முறியும் என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கம் நாங்கள் பின்பற்றுகிற சட்டம் அப்படி. தோஹாவில் அறைக்குப் பக்கத்துப் பள்ளி இமாமைக் கேட்டால், காது வயிற்றுக்குப் போகிற வழி இல்லை, தாராளமாக விடு என்றார். அவரும் ஓதியவர், இவரும் ஓதியவர்.

முறிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் விடிவதற்கு முன் ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேளை, மாலையில் நோன்பு திறந்தபின் ஒரு வேளை என்று வைத்துக்கொண்டேன். பகல் வேளையைத் தவிர்த்துவிட்டேன். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்யும்போது ஈர விரலால் காதைத் துடைக்க வேண்டும். ஐந்து வேளையும்.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவர் நெற்றியில் குங்குமம், மேசையில் நடராஜர் படம். இவரிடம் போய் எங்கள் மார்க்க விஷயத்தை எப்படிப் பேசுவது, தப்பாக நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கூச்சம். வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் நோன்பை விடச் சொல்வார்கள். நோயாளி விடலாம், விட்ட நோன்பைப் பிறகு களாவாக வைத்து ஈடு செய்யலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் காய்ச்சலில் படுத்திருப்பவன் விடலாம். காது அரிக்கிறவன் நோயாளியா? தெருவில் நடந்து போகிறவனைப் பார்த்து "என்னா பாய், நோன்பு இல்லியா?" என்று கேட்டால் காதைக் காட்டுவதா?

5

இந்த வருஷம் நிலைமை மோசம். சிதம்பரத்தில் போய் அடைப்பு எடுத்த பிறகும் உலகம் திறக்கவில்லை. வலது காதில் போனை வைத்தால் தலையணைக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. லீவுக்கு வருவதற்கு முன்பே சரியாகக் கேட்காமல் கடையில் போனை இடது காதுக்கு மாற்றிப் பார்த்தேன். கை பழகவில்லை, ஆர்டர் குழம்பியது. அஞ்சாவது மாடிக்குப் போக வேண்டிய முட்டை மூன்றாவது மாடியில் உடைந்தது. "காது சரியாக்கிட்டு வா. இல்லெங்கில் போனுக்கு வேறே ஆளெ நோக்கணும்" என்று முதலாளி சொல்லி அனுப்பினார். கெட்டவர் இல்லை. அவருக்குக் கடை நடக்க வேண்டும். எனக்கு அம்பதை நெருங்குகிறது. இனி மூட்டை தூக்குகிற வேலைக்கு என்னை யார் எடுப்பார்கள்?

அதனால் இந்தத் தடவை மூன்று வேளையும் விட்டே தீருவது என்று நினைத்தேன். நோன்பா காதா என்று ஒரு முடிவு தெரிய வேண்டும். ஹஜ்ரத்தையே கேட்டுவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால அஸர் தொழுதுவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஹாஸ்டலிலிருந்து வந்திருந்த ரிஸ்வானா, ஹஜ்ரத்தின் மனைவியிடம் கொடுக்க ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

ஹஜ்ரத்துக்கு என்னைவிட வயது குறைவு. சாந்தமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"மருந்து விட்டா தொண்டைக்கு எறங்குதா?"

"எறங்குது ஹஜ்ரத். கசக்குது."

"நல்லாத் தெரியுதா?"

"மொதல்ல இல்ல. தோஹால விட்டப்பவே, ரெண்டு மூணு மாசமாத்தான். வேப்பங்கொழுந்து கடிச்ச மாதிரி, அடித்தொண்டையில."

"அப்ப சந்தேகமே இல்ல. உள்ள போறது போறதுதான், நோன்பு முறியும். நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க? நோயாளிக்கு சலுகை இருக்கு. மருந்த காதுல விடுங்க, நோன்ப பெறவு களா செஞ்சிக்கலாம்."

எனக்கு மனசு லேசானது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு பதில், தெளிவாக. ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தெருமுனைக்கு வந்ததும் ரிஸ்வானா நின்றுவிட்டாள். நாங்கள் பேசியதை உள்ளிருந்து கேட்டிருக்கிறாள்.

"வாப்பா, காதுல விட்டது தொண்டையில எப்புடிக் கசக்கும்?"

"கசக்குதும்மா. அதான் ஹஜ்ரத்கிட்ட—"

"அதில்ல வாப்பா. நடுவுல சவ்வு இருக்குல்ல. அது நல்லா இருந்தா மருந்து எப்புடி எறங்கும்?"

காதில் விட்டால் தொண்டைக்கு வரும், எல்லோருக்கும் வரும், வருவதனால்தான் நோன்பு முறியும் என்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கசப்பை நான் நோன்பு சங்கதியாகத்தான் வைத்திருந்தேன். அது காது சங்கதி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"டாக்டர்கிட்ட இத சொன்னியா?"

"அவுங்க அரிக்குதா, அடைக்குதான்னுதானே கேட்டாங்க."

"போன வாரம் போனப்பகூட சொல்லலியா?"

"இல்லம்மா."

"என்னா வாப்பா நீ!" என்று தெருவிலேயே கத்திவிட்டாள். என்னிடம் அவள் இதுவரை சத்தம் போட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அது ஏன் என்று தெரியவில்லை.

6

மறுநாளே காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு என்னைச் சிதம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டோக்கன் கொடுக்கிற பெண், "இப்பதானே வந்தீங்க?" என்றாள். உள்ளே போனதும் ரிஸ்வானாவே முந்திக்கொண்டு எல்லாம் சொன்னாள். கசப்பு, பகல் வேளை, ஹஜ்ரத், ஒன்று விடாமல். நான் நடராஜர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கசக்குதுன்னு பள்ளிவாசல்ல சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

டாக்டர் என் மகளைப் பார்த்தார், அவள் டாக்டரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

விளக்கை வைத்து நெடுநேரம் பார்த்தார்கள். போன வாரம் பூஞ்சையும் வீக்கமும் மறைத்திருந்ததாம். இப்போது தெரிந்தது. செவிச் சவ்வில் ஓட்டை.

"சொட்டு மருந்த இன்னிக்கோட நிறுத்துங்க. ஓட்டை இருக்கறப்ப இந்த மருந்து விடக்கூடாது. மாத்திரை எழுதறேன். குளிக்கறப்பவும் நீங்க கை கால் கழுவறப்பவும் பஞ்சுல வாசலின் தடவி அடைச்சிக்குங்க. அந்தக் காதுல போனே வெக்காதீங்க."

"கேக்குமா மேடம்?" என்று கேட்டேன். அதுவரை நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"ஈரம் படாம வெச்சிருந்தா ரெண்டு மாசத்துல தானா மூடலாம். மூடலன்னா சின்ன ஆபரேஷன். எப்புடி இருந்தாலும் நான் பாக்காம பிளேன் ஏறாதீங்க. மறுபடி அங்க போயி புழுங்குனா இருக்கறதும் போயிடும்."

எழுதிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தன வருசமா ரெண்டு வேளதான் விட்டீங்களா?"

"ஆமா மேடம். நோன்புல பகல்ல விடக்கூடாதுன்னு..."

"நோன்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு வேள விடற மருந்தே எழுதியிருப்பேனே. அது இருக்குதே. எத்தினி பேருக்கு எழுதறேன்."

"சரி மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கிளினிக் படியில் இறங்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சொட்டுதான் நிறுத்தியாயிற்றே, இனி பகலில் காதுக்குள் ஒன்றும் போகப்போவதில்லை, அப்படியானால் நோன்பு வைக்கலாம்தானே? இறங்கின படியில் மறுபடி ஏறினேன். டோக்கன் பெண் கதவைத் திறந்துவிட்டாள். கேட்டேன்.

"மாத்திரை மூணு வேள, சாப்பாட்டுக்கு அப்புறம். இத ரெண்டாக்க முடியாது. இப்ப சொல்லிட்டீங்க, அதான் நானும் சொல்றேன்" என்றார் டாக்டர்.

7

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. மூன்று பேர் சீட்டில் ரிஸ்வானா எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பி.முட்லூர் தாண்டியதும் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டினேன். அவள் எழுந்து என்னைத் தாண்டி ஜன்னலோரம், இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு வாப்பா. சும்மா சும்மா தலையாட்டாத."

"சரிம்மா."

"இப்பகூட தலையாட்ற."

பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற சாலையிலிருந்து ஆலப்பாக்கம் வரை பேசிக்கொண்டே வந்தோம். அவள் ஹாஸ்டல் சாப்பாடு, ஒரு பிடிக்காத வாத்தியார், படிப்பு முடிந்ததும் பெங்களூர் போகிற எண்ணம். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? காதில் விழுந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் ஜொஹரா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் திட்டினாள். பிறகு, "பகல்ல உள் ரூம்ல சாப்பாடு வெச்சிடறேன். கதவ சாத்திக்கிட்டு சாப்புடுங்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

"எதுக்குக்கா சாத்தணும்?" என்றான் கமால். "மச்சானுக்குக் காதுல ஓட்டைன்னு நான்தான் தெருவெல்லாம் சொல்லிட்டேனே. நாளைக்கு எல்லாரும் பாக்க வருவாங்க, கஞ்சிகூட கொண்டாருவாங்க." அவன் கேலியாகச் சொன்னானா உதவியாகச் சொன்னானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

குழப்பம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். இதுதான் அது. போன வருஷங்களில் பகல் சொட்டைத் தவிர்த்து நான் பிடித்த நோன்பெல்லாம் முறியாமல் கணக்கில் சேர்ந்தது. ஆனால் அதற்கு ஒரு காது போயிருக்க வேண்டியதில்லை. கேட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும். ஹஜ்ரத்தைக் கேட்டேன், அவர் சரியாகச் சொன்னார். டாக்டரும் சரியாகத்தான் சொன்னார். தோஹா இமாம் சொன்னதும் தப்பில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எல்லோரும் சரி என்றால் என் காதில் மட்டும் எப்படி ஓட்டை விழுந்தது? சவ்வு மூடுமா, மூடினாலும் அந்த போன் எனக்காகக் காத்திருக்குமா, ஒன்றும் தெரியவில்லை. முதலாளியிடம் சொல்ல வேண்டியதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

மறுநாள் நோன்பு பிடிக்கவில்லை. காலை எட்டரை மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். தோஹாவுக்குப் போன் செய்து காதில் ஓட்டை என்றும், இரண்டு மாதம் கூடுதல் லீவு வேண்டும் என்றும் சொன்னேன். முதலாளி சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கடையில் ஆள் நிற்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.